மேகத்தைக் கண்டு திரும்பிய விமானி

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் எங்கள் காவேரிப்பட்டினத்தில் இப்போது சென்னப்பன் அண்ணனைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர் புயலுக்குள் புகுந்து வெளியே வந்தவர் என்கிறார்கள். அது உண்மையல்ல. அவர் புயலுக்குள் போகவே இல்லை. போகாமல் திரும்பியதால்தான் இன்று பயணிகள் விமானம் ஓட்டுகிறார். நடந்ததில் பாதியை நானே பார்த்தேன். மீதியை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவருடைய அப்பா ராமப்பன் எங்கள் ஊரில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். பருவம் வந்தால் பெங்களூருக்கு லாரியில் பழம் போகும். பள்ளிப் படிப்பை முடித்த சென்னப்பன் அண்ணனும் லாரியோடு போவார். ஒரு முறை பெங்களூருக்கு வடக்கே ஒரு வியாபாரிக்குப் பழம் இறக்கப் போனவர், வழியில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியைப் பார்த்தார். மறுநாளே அங்கே போய் வேலை கேட்டார். எஞ்சின் துடைக்கிற வேலை கிடைத்தது. காலையில் எஞ்சின் கிளம்புவதற்காக விமானத்தின் முன்னால் நின்று அதன் மூக்கிலுள்ள விசிறியைக் கையால் சுற்றிவிடுவதும் அவர் வேலைதான். மூன்று வருடம் அதைச் செய்தார். பிறகு ஊழியர்களில் ஒருவருக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று பள்ளி முடிவு செய்தபோது, அந்த இடம் அவருக்குக் கிடைத்தது.

கூடப் படித்தவர்கள் காப்பி எஸ்டேட்காரர்களின் பிள்ளைகள், பெரிய அதிகாரிகளின் பிள்ளைகள். அவரை அவர்கள் "விசிறி" என்றுதான் கூப்பிட்டார்கள். கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜேம்ஸ் ஒருவர்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். பள்ளியில் எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான்: பயணிகள் விமானத்தில் வேலை. நல்ல விமானி யார் என்பதிலும் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். கிளம்பினால் போய்ச் சேருகிறவன். திரும்பி வருகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அதனால் அங்கே ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் பறந்த விவரத்தைத் தன் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். வெளியூருக்குக் கிளம்பிப் பாதியில் திரும்பியவன், "உள்ளூர்ப் பயிற்சி" என்று எழுதிவிடுவான். யாரும் கேட்க மாட்டார்கள். புத்தகம் சுத்தமாக இருக்கும்.

கிருஷ்ணகிரி அணை வேலை நடந்துகொண்டிருந்த வருடம், ஆவணி மாதம், சென்னப்பன் அண்ணன் தனியாக வெளியூருக்குப் பறக்கும் முறை வந்தது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, அங்கிருந்து திருப்பத்தூர், பிறகு பெங்களூருக்கே திரும்ப வேண்டும். அந்த மகிழ்ச்சியில் அவர் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார்: செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நம் ஊருக்கு மேலே வருவேன்.

"பஸ்ஸுக்குச் சொல்ற மாதிரி நேரம் சொல்லிட்டேன். அதுதான் நான் பண்ண தப்பு" என்று அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

ராமப்பன் அந்தக் கடிதத்தை மண்டியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். செவ்வாய்க்கிழமை தென்பெண்ணை மணலில் இருநூறு பேருக்குக் குறையாமல் நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது. பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஒரு பருந்து வந்தது.

"வந்துட்டான் பாரு உம்மவன்!" என்றார் பக்கத்து மண்டி மாரிசாமி. எல்லோரும் சிரித்தார்கள். ராமப்பன் சிரிக்கவில்லை. பன்னிரண்டு மணிவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கழுத்து வலித்திருக்கும்.

அந்த நேரத்தில் மேலே நடந்தது இது. ஓசூர் தாண்டும்வரை வானம் நன்றாக இருந்தது. அந்த விமானத்தில் ரேடியோ கிடையாது. திசைகாட்டி, கைக்கடிகாரம், முழங்காலில் கட்டிய வரைபடம், கீழே தெரியும் சென்னை ரோடு, இவ்வளவுதான் துணை. சூளகிரி மலையை நெருங்கும்போது, மேட்டு நிலம் முடிந்து சரிவு தொடங்குகிற இடத்தில் மேகம் தரையோடு படுத்திருந்தது. அந்தப் பக்கம் பளிச்சென்று வெயில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். மழைக்காலத்தில் பஸ்ஸில் வருகிற நம் ஊர்க்காரர் எல்லோருக்கும் அது தெரியும். ஓசூரில் தூறும், மலை இறங்கினால் சட்டை நனைந்த சுவடே இருக்காது.

"ரெண்டு நிமிசம் உள்ள போனேன்" என்றார். "மணல்ல எங்கப்பா நிக்கிறாரு, அது மட்டுந்தான் மனசுல. ரோடு மறைஞ்சிடுச்சி. மலை எந்தப் பக்கம்னு தெரியல. அப்பத்தான் கேட்டுக்கிட்டேன்: பின்னால இருபது பேரு உக்காந்திருந்தா நான் இதுக்குள்ள போவேனா?"

திசைகாட்டியைப் பார்த்து விமானத்தைத் திருப்பினார்.

பள்ளியில் இறங்கியதும் ஜேம்ஸ் ஓடி வந்தார்.

"என்ன மச்சான், அதுக்குள்ள வந்துட்ட?"

"சூளகிரியில மேகம். திரும்பிட்டேன்."

"சரி, உள்ளூர்ப் பயிற்சின்னு எழுதிப் போட்டுடு. வேலைக்குப் போறப்ப இந்தப் புத்தகத்தத்தான் பாப்பான். உனக்கு சிபாரிசு சொல்ல ஆள் கெடயாது, மச்சான். எங்கப்பன் வீடு எஸ்டேட்டா, உங்கப்பன் வீடு எஸ்டேட்டா?"

"திருப்பத்தூருக்குன்னு கெளம்பினேன், ஜேம்ஸ். உள்ளூருல சுத்தறதுக்கா கெளம்பினேன்?"

அவர் எழுதியது இது: "சூளகிரி அருகே தாழ்ந்த மேகம். இரண்டு நிமிடம் உள்ளே சென்றேன். தவறு. திரும்பினேன்."

அடுத்த வாரம் ஊருக்கு வந்தார். மண்டிக்குள் கால் வைத்ததுமே மாரிசாமி பிடித்துக்கொண்டார்.

"வாய்யா ஏரோப்பிளேன்! எங்கய்யா போன அன்னிக்கி?"

"மேகம், மாமா."

"மேகமா! இங்க மண்டை பொளக்குது, மேகமாம்! கொடை எடுத்துக்கினு போயிருக்கலாமே!"

ராமப்பன் கணக்குப்பிள்ளையிடம் ஏதோ கேட்பதுபோல உள்ளே போய்விட்டார். மகனோடு இரண்டு நாள் பேசவில்லை. அம்மா வெள்ளையம்மாதான், "நானு பதினோரு மணிக்கே வூட்டுக்கு வந்துட்டேன்டா, மாவு புளிச்சிப் போவுதுன்னு" என்று சொல்லிச் சிரித்தார்.

பாதியில் திரும்பிய பயணம் பயிற்சிக் கணக்கில் சேரவில்லை. விமானம் பழுது, மழை, வரிசை என்று அவருடைய முறை மறுபடி வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் ஜேம்ஸும் மற்றவர்களும் விமானி உரிமம் வாங்கிவிட்டார்கள். "விசிறி இன்னும் மேகம் கலையட்டும்னு காத்திருக்கான்" என்று பள்ளியில் ஒரு பேச்சு. சென்னப்பன் அண்ணன் காத்திருந்தார். காலையில் மற்றவர்களின் விமானத்துக்கு விசிறியும் சுற்றிவிட்டார்.

கடைசியில் அவரும் உரிமம் வாங்கினார். பயணிகள் விமானத்துக்குத் துணை விமானிகளை எடுக்கும் தேர்வு சென்னையில் நடந்தது. மூன்று இடம், பதினோரு பேர். எல்லோரிடமும் உரிமம் இருந்தது, எல்லோரும் நன்றாக இங்கிலீஷ் பேசினார்கள். அண்ணனைவிட அதிக மணி நேரம் பறந்தவர்கள் ஏழு பேர்.

தேர்வு செய்பவர்களில் நரைத்த மீசை வைத்த மூத்த விமானி ஒருவர், அவருடைய பதிவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"இது என்ன?"

"திரும்பி வந்த பயணம், சார்."

"இரண்டு நிமிடம் உள்ளே போனதை ஏன் எழுதினீர்கள்? யார் பார்த்தார்கள்?"

"யாரும் பார்க்கவில்லை, சார். போனேன், அதனால் எழுதினேன்."

"ஏன் போனீர்கள்?"

"வருவதாக அப்பாவுக்கு நேரம் சொல்லியிருந்தேன்."

"இப்போது அப்படிச் சொல்வீர்களா?"

"கிளம்பும் நேரத்தைச் சொல்வேன், சார்."

அந்த விமானி மற்ற பத்துப் புத்தகங்களையும் மேசையில் தள்ளிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம்: "மூன்று வருடம் பறந்திருக்கிறார்கள். இவர் ஒருவரைத் தவிர யாருடைய வானத்திலும் ஒரு மேகம்கூட இல்லை."

மாசி மாதம் வேலை உத்தரவு வந்தது. சென்னப்பன் அண்ணனுக்கு முதல் இடம். அதே தேர்வுக்கு வந்திருந்த ஜேம்ஸுக்குக் கிடைக்கவில்லை. அவர் அடுத்த வருடம் மறுபடி தேர்வுக்குப் போய்த் தேறினார்.

உத்தரவை எடுத்துக்கொண்டு ராமப்பன் மண்டிக்கு வந்ததை நான் பார்த்தேன். துவைத்த வேட்டி கட்டியிருந்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னார்:

"எம்மவனுக்கு பிளேன்ல வேலை குடுத்துட்டாங்க. அன்னிக்கி மேகத்தப் பாத்துத் திரும்புனான் இல்ல, அதுக்குத்தான் குடுத்தாங்களாம். நான்தான் புரியாம ரெண்டு நாளு அவங்கூட பேசாம இருந்தேன்."

மாரிசாமி தராசை விட்டுவிட்டு வந்து உத்தரவை வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் கடைசிவரை பார்த்தார்.

"ராமப்பா, காசு வாங்காம ஏத்தினாலும் பிளேன்ல ஏற மாட்டேன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

"ஆமா."

"அவன் ஓட்டுனா ஏறுவேன்யா."