வெடிக்காரரின் விசில்

கதாநாயகன் தீக்குச்சியை எடுத்ததும் வெடிக்காரர் தம் கழுத்தில் தொங்கும் விசிலைக் காது கிழிய ஊதுவார், தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்து. கல்குவாரித் தொழிலாளிகளைப் பற்றிய பழைய கறுப்பு வெள்ளைப் படம் அது. மகள் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓடும்.

நிஜக் குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிறவர் அவர். அதனால் கதாநாயகன் மேல் தீராத கோபம். "திரியப் பத்த வெச்சிட்டு நின்னு சிரிக்கிறான் பாருங்க. அப்புறம் பல்லு மட்டுந்தான் கிடைக்கும்." வில்லனிடம் அவ்வளவு பகை இல்லை. "அவனாவது தள்ளி நிக்கிறான்."

குவாரியில் இவர் முதலில் விசில் கொடுப்பார். கீழே ஆட்களை ஒதுக்கிவிட்டு மைத்துனர் பதில் விசில் கொடுப்பார். அது காதில் விழாமல் திரியைத் தொடுவதில்லை. இத்தனை வருடத்தில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

படம் முழுக்க மனப்பாடம். கதாநாயகி வாயைத் திறக்குமுன் இவர் வசனத்தைச் சொல்லிவிடுவார். அவள் அழுதால் ஆறுதலும் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரனான நான் படத்தைவிட இவரைப் பார்க்கத்தான் போவேன்.

போன ஞாயிறு மைத்துனரும் வந்திருந்தார். பாதிப் படத்தில் வெடிக்காரரின் மனைவி, மைத்துனரின் அக்கா, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு நிறுத்தினார். இவர் பாட்டுக்கு வசனம் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன பேச்சுப் பேசுறான் பாருங்க" என்று என் தொடையில் தட்டினார். நான் ஊமையாய் ஓடும் திரையைப் பார்த்தேன்.

அக்கா அவர் எதிரில் போய் நின்று ரிமோட்டை நீட்டினார். "சத்தத்த நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு தெரியுமா?" என்று உரக்கக் கேட்டார்.

வெடிக்காரர் எங்கள் முகங்களைப் பார்த்தார். "படம் தெரிஞ்ச படம். அதான்."

"குவாரி தெரிஞ்ச குவாரி, அதுக்காக?" என்றார் அக்கா. "சொல்லுடா தம்பி."

மைத்துனர் குரலை உயர்த்தினார். "நேத்து மூணு தடவ விசில் குடுத்தேன் மாமா. நீங்க அசையல. கடைசியில தொப்பிய ஆட்டுனேன்."

"அதப் பாத்துத்தான் பத்த வெச்சேன்."

"நில்லுன்னு சொல்லவும் தொப்பியத்தானே மாமா ஆட்டுவோம்?"

திரையில் கதாநாயகன் சத்தமில்லாமல் தீப்பெட்டியைத் திறந்தான். பழக்க தோஷத்தில் இவர் கை விசிலை எடுத்து உதடுவரை கொண்டுபோய், அங்கேயே நின்றது.

"நீ ஊது மச்சான், சீக்கிரம். அந்தக் கிறுக்கன் பத்த வெச்சிடப் போறான்" என்றபடி கயிற்றைக் கழற்றி மைத்துனர் கழுத்தில் மாட்டினார்.