செல்லப்பனின் ஈர வண்டி

செல்லப்பன் போய்விட்டார். நேற்று மத்தியானம், நாமக்கல் ரோட்டில், பாதி வழியில்.

கைக்குக் கை போகும் நம் வாசகசாலைச் சுற்று நோட்டில் நான் எழுதிப் பல மாதம் ஆகிறது. இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன்... இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைக் கொண்டுபோக ஒரு ஸ்பிரிங் கூண்டு வண்டி உண்டு. அதை ஓட்டியவர் செல்லப்பன். நாம் நோட்டீஸில் 'ஆம்புலன்ஸ்' என்று அச்சடித்தோம். ஊர் அதைச் 'சீக்கு வண்டி' என்றது.

எங்களைப் போன்ற தோட்டக்காரர் வீடுகளில் ஆண் விழுந்தால் உடனே கார். பெண் விழுந்தால் முதலில் கஷாயம், பிறகு மந்திரம், பிறகு பார்க்கலாம்... வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் கூலிக்காரர்கள் எதையும் கேட்கவே மாட்டார்கள். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

கிழக்கே இருந்து யாராவது வண்டியில் ஏறினால் இறக்கிவிட்டுக் கழுவ வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதனால் பலகை ஈரமாக இருந்தால் எங்கள் வீட்டார் அன்று ஏற மாட்டார்கள். உயிர் போகிற அவசரத்திலும் குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு.

செல்லப்பன் தினமும் கழுவ ஆரம்பித்தார். சவாரி போனாலும் போகாவிட்டாலும், காலையும் மத்தியானமும்.

"ஏனப்பா, பலகை உளுத்துப் போகாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போவுமுங்க. பலகைதானுங்களே... தினமும் கழுவுனா, ஆருக்கோசரம் கழுவுனதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது பாருங்க."

சொல்லிவிட்டு மாட்டுக்கு லாடம் பார்க்கக் குனிந்துகொண்டார்.

சில வருஷங்களுக்கு முன்பு, என் மனைவி பாவாயிக்கு இரண்டு நாளாக வலி. பிரசவம் ஆகவில்லை. யுத்த காலம், என் அண்ணனின் கார் பெட்ரோல் இல்லாமல் கொட்டகையில் நின்றது.

"நம்மூட்டுப் பொம்பளை சீக்கு வண்டியிலயா? நாளைக்கு ஊருக்குள்ள தலை காட்ட வேண்டாமா?" என்றார் அண்ணன். அதை நான் மறக்கவில்லை. மறப்பதாகவும் இல்லை.

நானே போய்ச் செல்லப்பனைக் கூட்டி வந்தேன். வாசலில் நடந்த பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மாடுகளுக்குச் சலங்கை கட்டினார். வண்டி முகப்பில் ஒரு சிவப்புச் சேலையைத் திரையாகத் தொங்கவிட்டார்.

"பொறந்த ஊட்டுக்குப் போறாப்பல போயிரலாமுங்க சாமி. படுத்திருக்கறது வெளிய தெரியாது."

அண்ணன் குனிந்து பலகையைத் தொட்டார்.

"அது எப்பவும் ஈரந்தானுங்க" என்றார் செல்லப்பன்.

அண்ணன் விரலைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

வழியெல்லாம் செல்லப்பன் பாவாயியைப் பேச வைத்துக்கொண்டே வந்தார். "அம்மிணி, கண்ணை மூடப்படாது. உங்க ஊருல இந்த வருசம் வாழை எப்புடி?"

"போய்யா... நீயும் உன் வாழையும்."

"அப்புடித்தான். திட்டிக்கிட்டே வாங்க."

நான் பொறுக்காமல், "வேகமா ஓட்டுப்பா" என்றேன்.

"வேகமாப் போனா வண்டி மட்டுந்தானுங்க போய்ச் சேரும்."

வாய்க்கால் பாலத்தில் ஒரு கட்டில் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. கரும்பு வெட்டப்போன, வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் காளியம்மாளைப் பாம்பு கடித்துவிட்டது. தூக்கி வந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. புருஷன் கருப்பன் வண்டியைப் பார்த்தான். கேட்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டான்.

செல்லப்பன் மாட்டை நிறுத்தினார்.

"நிக்காத, போ" என்றேன். நான்தான் சொன்னேன். பி.ஏ. படித்தவன், இந்த நோட்டில் சமத்துவம் பற்றி எழுதியவன்.

அவர் என் பக்கமே திரும்பவில்லை. திரையை விலக்கி, "அம்மிணி?" என்றார்.

பாவாயி காலை மடக்கிக்கொண்டாள். "ஏத்துங்க."

நாமக்கல் வரைக்கும் கருப்பன் வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடியும் நடந்தும் வந்தான்.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். என் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். காளியம்மாளையும் ஏற்றிப் போனதைச் செல்லப்பன் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனுக்கு இனிமேல்தான் தெரியும். நோட்டு அவர் கைக்கும் வரும்.

நேற்று வண்டிக் கொட்டகையில் செல்லப்பனுக்கு நெஞ்சுவலி. மாடு இருந்தது, வண்டி இருந்தது. ஓட்டுகிறவர்தான் கீழே கிடந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சுற்றிலும் கூட்டம். ஒருவர் சோடா கொடுக்கச் சொன்னார். ஒருவர் கரூர் பஸ் திரும்பி வரட்டும் என்றார். நடக்கத் தெரிந்த நாள் முதல் மாடு ஓட்டியவர்கள் அத்தனை பேரும். சீக்கு வண்டியின் முன்பலகையில் ஏறி உட்காரத்தான் ஆள் இல்லை.

அதில் நாலு பேர் இந்த நோட்டைப் படிப்பீர்கள். படியுங்கள்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன்... ஆனால் அதற்குள் கருப்பன் வந்துவிட்டான். "தள்ளுங்க சாமி" என்று என்னை ஒதுக்கிவிட்டு ஏறினான். நான் உள்ளே ஏறி, செல்லப்பன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பலகை ஈரமாக இருந்தது.

கருப்பன் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே ஓட்டினான். "ஏனுங்க, கண்ணை மூடப்படாது. இந்த வருசம் வாழை எப்புடிங்க?"

"பரவால்லடா" என்றார் செல்லப்பன்.

கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டான். பதில் இல்லை. அப்புறமும் அவன் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினான்... நான் அவனிடம் சொல்லவில்லை.

இன்று காலை பாவாயியை வீட்டில் காணோம். தேடிப் போனேன். வண்டிக் கொட்டகையில் குடத்தோடு நின்றாள்.

"பலகை காஞ்சு கெடக்குதுங்க" என்றாள்.

இன்னொரு குடம் நான் எடுத்து வந்தேன்.

போய் வாருங்கள், செல்லப்பன். வண்டியைக் கழுவியாயிற்று.