ஒரு வரி கீழே இறங்கிய சாமிகள்

"இது என்ன வேலைன்னு தெரியுங்களா அம்மணி?" இதுதான் நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. கேட்டவர் மில் மேனேஜர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நான் தபாலில் படித்துத் தொழிலாளர் நிர்வாகத்தில் டிப்ளமோ வாங்கியிருந்தேன். புத்தகத்தில் இருந்த விளக்கத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டவர், "அதெல்லாம் இல்லீங். வேலைக்கு வராத ஆளு ஏன் வரலைன்னு கண்டுபிடிக்கற வேலை" என்றார். அடுத்த கேள்வி, "கல்யாணம் எப்போ?" இப்போதைக்கு இல்லை என்றேன். "ஆச்சுன்னா மறைக்காம சொல்லிருங்க" என்று சொல்லி, தற்காலிகமாக வேலையைக் கொடுத்தார்.

எண்பதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகும் ரோட்டில் இருந்தது அந்த நூற்பு மில். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு என் வேலை கடைசி வரை விளங்கவில்லை. "கடையில ஆளு வரலைன்னா நானே மூட்டையத் தூக்கிட்டுப் போறேன். ஏன் வரலைன்னு கேக்க ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளமா?" என்று வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கொடுத்த பதவியின் பெயர் தொழிலாளர் நல உதவியாளர். மில்லில் ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. சேர்ந்த பத்தாம் நாள் நான் 'லீவக்கா' ஆகிவிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் லீவக்காதான்.

வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் மாசி சிவராத்திரி வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் குலசாமி கும்பிடப் போகாத ஆள் கிடையாது. திருச்சுழிப் பக்கம், நரிக்குடிப் பக்கம், கண்மாய்க்கரை, கருவேலங்காடு என்று எங்கெங்கோ இருக்கும் சாமிகளைத் தேடி ஊரே பஸ் ஏறும். மில்லில் லீவு கிடையாது. அதனால் சிவராத்திரிக்கு முந்தின நாள் பாதி மில்லுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மூன்று நாள் கழித்து அத்தனை பேரும் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து, வயிறு சரியாகிவிட்டது என்றார்கள்.

மேனேஜர் கொதித்துப் போனார். என் மூளை அன்றைக்குத்தான் வேலை செய்ய வேண்டுமா! "சார், அடுத்த வருஷத்திலேருந்து சாமிக்குன்னே லீவு குடுத்துருவோம். ரெண்டு அணியாப் பிரிச்சு அனுப்புவோம். ஆனா சாமி பேரு, ஊரு எழுதிக் குடுக்கணும்" என்றேன். அவருக்குப் பிடித்துப் போயிற்று. "அடுத்த வருஷம் எதுக்குங், இப்பவே எழுதி வாங்கிருங்க" என்றார். நானே ஒரு ஃபாரம் டைப் அடித்தேன். குலசாமியின் பெயர், சாமி இருக்கும் ஊர், போகும் காரணம்: பொங்கல், மொட்டை, காதுகுத்து.

வந்து சேர்ந்த ஃபாரங்களை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஒருவர் சாமி பெயர் என்ற இடத்தில் 'எங்க சாமி' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'பேரைச் சொன்னால் வந்துரும்' என்று எழுதிக் கோடு போட்டிருந்தார். ஊர் என்ற இடத்தில் 'பஸ் நிக்காது, சொன்னா நிப்பாட்டுவாக' என்று ஒருவர். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்த முஸ்லிம் அண்ணன் நேரே என்னிடம் வந்து, "லீவக்கா, எங்களுக்கு தர்கா கந்தூரி இருக்குல்ல, அதுக்கும் ஒரு கட்டம் போட்டுருங்க" என்றார். போட்டேன். எல்லாவற்றையும் பிரிவு வாரியாக, பிரிவுக்கு ஒரு தாள் என்று, டோக்கன் நம்பர் வரிசையில் அழகாக எழுதி, டேக் போட்டுக் கட்டினேன். அட்டையில் 'சாமி ரெஜிஸ்டர்' என்று சிவப்பு மையில் எழுதினேன். ஃபாரங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. ரெஜிஸ்டர் என் மேஜையில் உட்கார்ந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

மறு வருஷம் தலைக்கனம் இன்னும் ஏறிவிட்டது. ஒருத்தருக்குக் குலசாமி மாறாது அல்லவா? போன வருஷம் எழுதிய சாமியும் இந்த வருஷம் எழுதிய சாமியும் வேறு வேறாக இருந்தால் அந்த ஆள் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். இந்த மகத்தான கண்டுபிடிப்பை நோட்டீஸாகவே அடித்து கேட்டில் ஒட்டினேன். சாமி மாறினால் லீவு கிடையாது, விளக்கமும் கேட்கப்படும்.

மாசி பிறந்து ஃபாரங்கள் வந்தன. உட்கார்ந்து ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது, ரீலிங்கில் ஒருத்தியைத் தவிர. ரீலிங் என்பது நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் பிரிவு. முழுக்கப் பெண்கள். பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது, கடைசியாகச் சேர்ந்தவள். போன வருஷம் திருச்சுழிப் பக்கத்துச் சாமி. இந்த வருஷம் மல்லாங்கிணற்றுப் பக்கத்துச் சாமி. சந்தோஷத்தில் எனக்குத் தலை கால் புரியவில்லை. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

"சார், ரீலிங்கில ஒரு ஆளு மாட்டிருச்சு."

"பரவாயில்லீங்களே! சாயங்காலம் நாலு மணிக்கு ரெஜிஸ்டரோட வாங்க, பாப்போம்."

அதற்குப் பிறகுதான் அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன். தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து நின்றாள். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்னம்மா, உங்க சாமி வீடு மாறிருச்சா?" என்று நக்கலாகக் கேட்டேன்.

அவள் கதவைச் சாத்தினாள். கழுத்தோரம் விரலை விட்டு, ரவிக்கைக்குள் ஊக்கு போட்டுக் குத்தியிருந்த மஞ்சள் கயிற்றை ஒரு விரற்கடை வெளியே இழுத்துக் காட்டினாள்.

"சாமி மாறலக்கா. நாந்தேன் மாறிட்டேன்."

ஒரு பெண்ணுக்குக் குலசாமி எப்போது மாறும் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். புருஷன் வீட்டுச் சாமிதான் அவளுக்குச் சாமி. டிப்ளமோ வாங்கிய எனக்கு மட்டும் அது நோட்டீஸ் அடிக்கும்போது ஞாபகம் வரவில்லை.

ரீலிங்கில் கல்யாணமாகாத பெண்களைத்தான் வைத்திருப்பார்கள். கல்யாணம் என்று தெரிந்தால் அந்த வாரமே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒரு விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. படித்திருந்த எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"எப்ப ஆச்சு?"

"ஆவணியில. வார லீவு அன்னைக்குக் கட்டிக்கிட்டு மறுநா வேலைக்கு வந்துட்டேன். அவுக விசைத்தறிக்குப் போறாக. தறி பாதி நாளு ஓடல. எஞ்சம்பளந்தேன் வீட்டுக்கு. வேலை போச்சுன்னா என்னக்கா செய்வேன்?"

"கல்யாணத்துக்கு யாரு வந்தா?"

"ரீலிங் பூராவும் வந்தாக. உங்களத்தேன் கூப்பிடல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க ஆபீஸுல்ல" என்றாள்.

அந்த நிலைமையிலும் அது எனக்குச் சுருக்கென்றது. ஒரு முழுப் பிரிவும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து, ஆறு மாசமாக என் முகத்தைப் பார்த்து "சாப்பிட்டீகளா லீவக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"சரி, ஆறு மாசம் மறைச்சவ, ஃபாரத்துல பழைய சாமியையே எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா? நோட்டீஸப் பாக்கலையா?"

"பாத்தேன். மாமியா புது மருமக கையால பொங்க வைக்கணும்னு சொல்லிட்டாக, லீவு போட்டுத்தேன் ஆகணும். கம்பெனிக்குப் பொய் சொல்லலாங்க்கா. சாமி விசயத்துல பொய் எழுத முடியுமா? நானே புதுசாப் போறேன். மொதத் தடவையே கோவிச்சுக்கிட்டா?"

இன்னொரு ஃபாரத்தை நீட்டி, இதில் அப்பா வீட்டுச் சாமியை எழுது என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் எழுத மாட்டேன். நீங்க வேணா எழுதுங்க. ஆனா அந்தப் பாவம் உங்களுக்குத்தேன்." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நானாக எழுதினாலும் பயன் இல்லை. ரீலிங்கில் ஒரு ஆள் மாட்டிவிட்டது என்று என் திருவாயால் ஏற்கெனவே சொல்லியாயிற்று. நாலு மணிக்கு ஆளைக் காட்டியாக வேண்டும், இல்லையென்றால் ஆள் ஏன் இல்லை என்று காட்டியாக வேண்டும்.

அவளை வேலைக்கு அனுப்பிவிட்டு ரெஜிஸ்டரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பெயர் தாளின் கடைசி வரியில் இருந்தது. அங்கேதான் எனக்கு வழி பிறந்தது.

மத்தியானச் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் கதவைத் தாழ் போட்டேன். டேக்கை அவிழ்த்து ரீலிங் தாளை மட்டும் உருவி, புதுத் தாளில் அப்படியே பிரதி எடுத்தேன். பெயரும் டோக்கன் நம்பரும் முன்பு போலவே. சாமியில் மட்டும் முதல் வரிச் சாமியை இரண்டாவது வரியிலும் எழுதினேன். இரண்டாவது வரிச் சாமி மூன்றாவதுக்குப் போனார். ஒவ்வொரு சாமியும் ஒரு வரி கீழே இறங்கினார். கடைசி வரிக்கு வந்தபோது அதில் முந்தின வரியில் இருந்த பக்கத்து மெஷின் பெண்ணின் சாமி உட்கார்ந்துவிட்டார். என் ஆளுடைய பழைய சாமி இறங்குவதற்கு வரியில்லாமல் தாளை விட்டே வெளியேறிவிட்டார். எழுதி முடித்து, டீ கிளாஸை அதன் மேல் வைத்து ஒரு வட்டம் எடுத்தேன். தரையில் போட்டு இரண்டு மிதி மிதித்தேன். சாமி பெயர்கள் இருக்கிறதே என்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிதித்தேன். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பழைய தாள் டிபன் கேரியரின் அடித்தட்டில் மடங்கி வீட்டுக்குப் போயிற்று.

நாலு மணிக்கு மேனேஜர் முன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"சார், ஒரு ஆளு இல்ல. ரீலிங் பூராவும் மாறியிருக்கு. நான் போன வருஷம் ஒரு வரி தள்ளி எழுதிட்டேன்."

அவர் மர ஸ்கேலை எடுத்தார். இந்த வருஷ ஃபாரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, ஸ்கேலை ஒவ்வொரு வரியாக இறக்கி, ஒரு வரி கீழே பார்த்துச் சரிபார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டே வந்தது. ஸ்கேல் தாளின் அடிக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

"இந்தக் கடைசிப் புள்ளைக்கு?"

"இடம் பத்தலை சார்."

அவர் தாளைத் தூக்கி டீ வட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு தாளு ஒழுங்கா எழுதத் தெரியாதவங்களை எப்படிங் நிரந்தரம் பண்றது? இன்னும் ஆறு மாசம் பாக்கலாம்" என்றார். லீவு ஃபாரங்கள் அத்தனையிலும் கையெழுத்துப் போட்டார், அவளுடையதிலும். வெளியே வந்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த மில்லில் நான் டைப் அடித்த முதல் நடவடிக்கைக் கடிதம் எனக்கு எதிரானது. 'பதிவேடுகளில் கவனக்குறைவு' என்று என் கையாலேயே அடித்து, பெற்றுக்கொண்டேன் என்று என் கையாலேயே கையெழுத்துப் போட்டேன்.

சிவராத்திரி முடிந்து அவள் ஒரு தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். "சாமி கோவிச்சுக்கல லீவக்கா" என்றாள். அதற்குப் பிறகு ரீலிங்கில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் எனக்கு ரகசியமாக வெற்றிலை பாக்கு வந்துவிடும். அந்த ஒரு வருஷத்தில் நாலு கல்யாணம் சாப்பிட்டேன். என் கோப்பில் நாலு பேரும் கன்னிப் பெண்கள். மறு மாசியில் அவர்கள் சாமி மாறியதை, ஒப்பிட வேண்டிய நானே கண்டுகொள்ளவில்லை. அவள் இன்னும் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தாள். வயிறு தெரிய ஆரம்பித்தபோது தறியும் ஓட ஆரம்பித்திருந்ததால் தானாக நின்றுகொண்டாள்.

தொண்ணூறுகள் பிறந்து எனக்கும் கல்யாணம் ஆயிற்று. மேனேஜரிடம் சொல்லவில்லை. ஆச்சுன்னா சொல்லிருங்க என்று அவர் சொன்னது காதிலேயே இருந்ததால் சொல்லவில்லை. மஞ்சள் கயிறு வெளியே தெரியாமல் இருக்கக் காலர் வைத்த ரவிக்கை தைத்துக்கொண்டேன். மாசி வந்தது. நானே தயாரித்த ஃபாரம் என் முன்னால் இருந்தது. அப்பா வீட்டுச் சாமியின் பெயரில் முதல் இரண்டு எழுத்தை எழுதினேன், பேனா ஓடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அவள்தான் கண்ணுக்குள் வந்தாள். நாற்பது சாமிகளைக் கொஞ்சமும் கூசாமல் இடம் மாற்றிய எனக்கு, என் ஒரு சாமியை மாற்றி எழுத வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, இன்னொன்றில் புருஷன் வீட்டுச் சாமியை எழுதி, வேலை போனால் போகட்டும் என்று ரெஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனேன்.

அவர் ஃபாரத்தைப் படித்தார். ரெஜிஸ்டரில் ஆபீஸ் பக்கத்தைத் திறந்து, அதே மர ஸ்கேலை என் பெயருக்கு அடியில் வைத்து, போன வருஷச் சாமியைப் பார்த்தார்.

"இந்த வாட்டி இடம் பத்திருச்சுங்களா அம்மணி?" என்று கேட்டுவிட்டு, லீவு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார்.