உலைக் கதவில் ஒட்டிய தாள்

தீக்குள் போய்ச் சாம்பலாகாமல் கல்லாகத் திரும்பி வருவது, உள்ளே போன அதே பொருள்தானா? உலைக்காரம்மாவின் பதினெட்டு வருட வேலை இந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் வாய்விட்டு அதைக் கேட்டதில்லை.

அந்தப் பட்டறையில் சிலிக்கான் கலந்த பிளாஸ்டிக் பிசினை அச்சில் வார்த்து, இறுகியதும் நைட்ரஜன் நிரப்பிய உலையில் ஆயிரம் டிகிரிக்குச் சுடுவார்கள். காற்று இல்லாததால் அது எரியாது. உள்ளிருக்கும் வாயுக்கள் கிளம்பிப் போக, மிஞ்சுவது பீங்கான். வாயு அவசரமாகக் கிளம்பினால் விரிசல்தான்.

அந்த வாரம் பம்புச் சக்கரம் மூன்று முறை விரிசலோடு வந்தது. சூட்டை ஏற்றப் புது எஞ்சினியர் தானியங்கிக் கருவியில் வைத்த வேகம் அப்படி. அந்தக் கருவியை நம்பித்தான் முதலாளி, உலைக்காரம்மாவைப் பொட்டலம் கட்டும் அறைக்கு மாற்றப்போவதாகச் சொல்லியிருந்தார்.

"ஒரு தடவ என்கிட்ட விடுங்க தம்பி."

"பாட்டுப் பாடிச் சுடப்போறீங்களாக்கா?" என்று கிண்டலாகக் கேட்டார் எஞ்சினியர்.

"நான் எங்க பாடுறேன்? அதுல்ல பாடுது."

அவர் காட்டியது உலையின் வாயுக்குழாய் வந்து முடியும் தண்ணீர்ப் புட்டியை. அதில் குமிழிகள் பதறினால் சூட்டை ஏற்றாமல் அதே அளவில் நிறுத்தினார், நிதானித்தால் ஏற்றினார். பகல் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கதவைத் திறந்தார்கள். கன்னங்கரேலென்று சக்கரம், கால்வாசி சிறுத்து, முழுசாக இருந்தது. எஞ்சினியர் சுண்டினார்; மணிபோல் ஒலித்தது. விளிம்பில் ஒரு தடம். பிசின் முழுதாக இறுகுமுன் உலைக்காரம்மா தொட்டதில் பதிந்த கட்டைவிரல். ரேகைகளும் சக்கரத்தோடு சேர்ந்து சிறுத்திருந்தன, ஒன்றுகூட அழியவில்லை. அவர் தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. ஆனாலும் அவருடையதுதான். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"இனிமே உங்கள யாரும் அசைக்க முடியாதுக்கா," என்றார் எஞ்சினியர். "சூத்திரம் முழுக்க உங்க காதுல இருக்கே!"

வீட்டில் கணவரும் அதையேதான் சொன்னார்: "வாயத் தொறந்துடாத. இந்த வித்தை இருக்கிற வரைக்கும்தான் உனக்கு அந்த நாற்காலி."

"ம்," என்றார் உலைக்காரம்மா.

அடுத்த நாள் காலை உலைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் நிறுத்துவது, குமிழி எப்படி வந்தால் காத்திருப்பது, எல்லாம் அவருடைய குண்டு குண்டுக் கையெழுத்தில்.

எஞ்சினியர் பொட்டல அறைக்கு ஓடினார். முதலாளி சொல்லுமுன் தானாகவே அங்கே வந்திருந்த உலைக்காரம்மா, தன் விரல்தடம் உள்ள சக்கரத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"அந்த டேப்பக் கொஞ்சம் எடுங்க தம்பி."