சாம்பல் கோட்டுக்கு இரண்டடி

கயிறு ஒன்றுதான் இருந்தது. ஓட்டம் முடியும் இடத்தில் இரண்டு பேர் அந்தத் தேங்காய்நார்க் கயிற்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் வந்தவன் நெஞ்சால் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டான். பின்னால் வருகிறவர்களுக்கு, தரையில் அடுப்புச் சாம்பலால் போட்ட கோடு மட்டும்தான் அடையாளம். காலையில் பெய்த தூறலில் அதுவும் பாதி கரைந்திருந்தது. என் அத்தான், என் ஒரே அக்காளின் கணவர், அந்தக் கோட்டுக்கு இரண்டடி முன்னால் தன் ஓட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைகள் இரண்டையும் மேலே தூக்கினார். அந்த இரண்டடியைப் பற்றி எழுத எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது.

யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம் அது. சுங்கை பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், ஒரே வீட்டில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போன பிறகு அக்காளும் அத்தானும்தான் என்னை வளர்த்தார்கள். ரப்பர் வாங்க ஆளில்லாமல் பால்மரங்கள் சும்மா நின்றன. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டுத் தின்றோம். துணி கிடைக்காமல் சாக்கை வெட்டி இடுப்பில் கட்டினோம். அந்த நாட்களை நினைத்தால் பசியைவிட அலுப்புதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. காலையில் எழும்போதே உடம்பு களைத்திருக்கும். பதினெட்டு வயதில் நான் கிழவனைப் போல உட்கார்ந்து எழுந்தேன்.

அத்தான் மட்டும் அப்படி இல்லை. எந்தச் சந்தோஷத்தையும் அது வருவதற்கு முன்பே கொண்டாடிவிடுகிற மனிதர் அவர். குழம்பு கொதிக்கும்போதே பிரமாதம் என்பார். தூண்டில் அசைந்தாலே பெரிய மீன் என்று கத்துவார். இழுத்துப் பார்த்தால் இலைச் சருகு வரும். அக்காளுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனபோது, அவள் அவர் வாயைப் பொத்தியும் கேட்காமல் லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். "கொஞ்சம் பொறுத்துச் சொன்னா என்ன?" என்று அக்காள் கோபித்துக்கொண்டாள். "நாளைக்கு என்ன வருமோ புள்ள. இன்னைக்கே சந்தோஷப்பட்டுக்கிறேனே" என்றார்.

சயாம் ரயில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு அதற்குள் எல்லாத் தோட்டங்களிலும் பரவியிருந்தது. முதலில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. எங்கள் தோட்டத்தில் கல்யாணமானவன், ஆகாதவன் என்று பார்க்காமல் திடமான ஆண்கள் எல்லாருடைய பெயரையும் எழுதினார்கள். அத்தான் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் பெரட்டில், வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி ஒரு செய்தியைச் சொன்னார். டவுன் திடலில் ஓட்டப் பந்தயம் நடக்கும். முதல் இரண்டு பேரை ஜப்பான் அதிகாரி தோட்டங்களுக்குத் தபால் கொண்டுபோக வைத்துக்கொள்வார். சைக்கிள்களையெல்லாம் ஜப்பான்காரர்களே பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால் இப்போது கால்கள் தேவைப்பட்டன. அந்த இரண்டு பேருக்கும் வாரம் ஒருமுறை அரிசி. பட்டியலில் இருந்து அவர்கள் பெயரை அடித்துவிடுவார்கள்.

பந்தயத்தன்று காலையில் அக்காள் எங்கிருந்தோ ஒரு முட்டை வாங்கி வந்திருந்தாள். அவித்து உரித்து, நூலை வைத்துச் சரிபாதியாக அறுத்தாள். கர்ப்பிணிப் பெண் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் இரண்டு ஆண்கள் அதைத் தின்றோம். "ரெண்டு பேருமே வந்துடுங்க" என்றாள். "உன் தம்பி ஒண்ணு, நான் ரெண்டு. அரிசி போட பெரிய பானையா எடுத்து வை" என்றார் அத்தான்.

திடலை மூன்று முறை சுற்ற வேண்டும். ஐந்து தோட்டங்களிலிருந்து நாற்பது பேருக்குமேல் நின்றோம். சாக்குத் துணியும் வெறுங்காலுமாக, பாதிப் பேர் முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேறு தோட்டத்துக்காரன் ஒருவன் எல்லாரையும் விட்டு வெகுதூரம் முன்னே போய்விட்டான். அவனைப் பிடிக்க முடியாது என்று கடைசிச் சுற்றில் தெரிந்துபோயிற்று. இரண்டாவதாக அத்தான். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் யாரும் நெருக்கத்தில் இல்லை. மீதமிருந்த ஓர் இடம் எங்கள் வீட்டுக்குத்தான் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

கோடு நெருங்கும்போது கூட்டத்தில் அக்காள் நிற்பதை அத்தான் பார்த்துவிட்டார். "புள்ள! அரிசி!" என்று கத்தினார். கைகளைத் தூக்கி, அவள் பக்கம் திரும்பிச் சிரித்தபடி கால்களைத் தளர்த்தினார். நான் அவரைத் தாண்டிக் கோட்டை மிதித்தேன்.

தலையைக் குனிந்து ஓடியதால் அவர் நின்றது எனக்குத் தெரியவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அக்காளிடமும் அதையே சொன்னேன். அது பொய். தூக்கிய கைகளைப் பார்த்தேன். சாம்பல் கோடு அவர் காலுக்கு இன்னும் முன்னால் இருப்பதையும் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம் நானும் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

அவருக்கு முதலில் புரியவில்லை. என் தோளைத் தட்டி, "பரவாயில்லடா, மூணாவதா வந்துட்ட" என்றார். கிராணி என் பெயரைக் கேட்டு எழுதியபோதுதான் அவர் திரும்பித் தரையைப் பார்த்தார். கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. அக்காள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். யாரைப் பார்த்து அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிராணியிடம் போய், "ஐயா, என் பேர அடிச்சிட்டு அத்தான் பேர எழுதுங்க" என்றேன். "அதிகாரி கண்ணால பார்த்தாச்சு. வாய மூடிக்கிட்டுப் போ தம்பி, ரெண்டு பேரையும் அனுப்பிடுவான்" என்றார். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. அந்தப் பதில் எனக்குள் ஓர் ஆறுதலைத் தந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

எட்டாம் நாள் சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் அத்தானைச் சாமான் ஏற்றும் பெட்டியில் ஏற்றினார்கள். பெட்டிக்குள்ளிருந்து, "கிழங்க பன்னி தோண்டாமப் பாத்துக்க. அக்காவத் தண்ணி தூக்க விடாதே" என்று மட்டும் என்னிடம் சொன்னார். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லவில்லை. அவர் ஒரு நல்ல விஷயத்தை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டது அன்றுதான் முதல்முறை.

நான் தபாலோடு தோட்டம் தோட்டமாக ஓடினேன். வடக்கே ஜித்ராவரைகூடச் சிலமுறை போயிருக்கிறேன். நான் கொண்டுபோன தாள்களில் அடுத்த கூட்டம் சயாமுக்குப் போகிறவர்களின் பெயர்களும் இருந்தன. ஒரு தோட்டத்தில் என்னைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அரிசி கிடைத்தது. அக்காள் அதைக் கஞ்சியாக்கிக் குடித்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, பிழைத்தது.

யுத்தம் முடிந்து பல மாதம் கழித்து அத்தான் திரும்பினார். ஆணியில் மாட்டிய சட்டைபோல இருந்தார். வலது காலில் புண் அரித்து மூன்று விரல்கள் இல்லை. குழந்தை அவரைக் கண்டு அலறியது. அக்காள் அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தார். குழம்பைச் சாப்பிட்டு முடித்த பிறகும் நன்றாயிருக்கிறது என்று சொல்லமாட்டார். மகள் கல்யாணத்தில், தாலி கட்டி முடிந்து எல்லாரும் அட்சதை போட்ட பிறகும், இன்னும் ஏதோ பாக்கியிருப்பதுபோல மாப்பிள்ளையின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பந்தயத்தைப் பற்றி நான் அவரிடம் ஒரே ஒருமுறைதான் பேசினேன். கால் புண்ணைக் காட்ட அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, பஸ்ஸுக்காக நடந்துகொண்டிருந்தோம். அவர் முன்னால் நொண்டி நடக்க, நான் ஓரடி பின்தங்கி வந்தேன். நான் பார்த்துத்தான் ஓடினேன் என்பதைச் சொன்னேன்.

அவர் திரும்பவில்லை. நடந்தபடியே, "தெரியும். நான் கையத் தூக்கினப்போ உன் மூச்சு என் காதுகிட்ட ஒரு கணம் நின்னுச்சு, அப்புறம் வேகமாச்சு" என்றார். பிறகு, "நீ போய்த் திரும்பாம இருந்திருந்தா, உங்க அக்கா மூஞ்சிய நான் எப்படிப் பார்த்திருப்பேன்? அத விடு" என்றார்.

நான் அழுதேன். அவர் நின்று, சலிப்போடு கையை ஆட்டினார்.

"முன்னால போ தம்பி. சயாம்லேருந்து வந்ததுலேருந்து, பின்னால ஆள் வந்தா எனக்கு ஒத்துக்கிறதில்ல."

வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பஸ் நிற்கும் இடம் தூரத்தில் தெரிந்தது. நான் அவரைத் தாண்டி முன்னால் நடந்தேன்.