அட்டைக்கு ஆகாத விதவை

அந்தப் பழைய பிரெஞ்சு நாவலின் தலைப்பைத் தமிழில் நேராகச் சொன்னால் 'படகோட்டியின் விதவை'. காரைக்காலில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து அதை மொழிபெயர்த்தேன். புருஷனை அடக்கம் செய்த மறுநாளே அவன் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிற ஒருத்தியின் கதை அது.

நானும் விதவைதான். என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அவர் போனபின் பென்ஷனுக்காக அலைந்தபோது, பிரெஞ்சு அதிகாரிகள் விதவை என்கிற அந்தச் சொல்லாலேயே என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அதில் இழிவு ஏதும் எனக்குத் தெரியவில்லை. அதையே தமிழில் தலைப்பாகச் சொன்னதும் பதிப்பாளர் முகம் சுளித்தார்.

"கல்யாணத்துல பரிசு குடுக்கத்தான் அக்கா நம்ம புக்க வாங்குறாங்க. அட்டையில இந்த வார்த்தையப் போட்டா யாருங்க தொடுவா?"

அச்சாகி வந்தபோது தலைப்பு 'கரையில் காத்திருந்தவள்'. அட்டையில் கூந்தல் பறக்க ஒரு பெண், நெற்றியில் பெரிய பொட்டு. நாவல் முழுக்க அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. செத்தவன் எந்தப் படகில் திரும்பி வருவான்?

அடுத்த பதிப்பிலாவது சரியான தலைப்பை வாங்கிவிடலாம் என்ற நப்பாசையில் வெளியீட்டு விழாவுக்குப் போனேன். குத்துவிளக்கேற்ற மெழுகுவர்த்தியை முதலில் என் கையில்தான் யாரோ கொடுத்தார்கள். பதிப்பாளர் மேடைக்கு ஓடிவந்தார்.

"நீங்க இருங்க அக்கா" என்று பல்லைக் காட்டிக்கொண்டே அதைப் பிடுங்கித் தன் மனைவியிடம் நீட்டினார். புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காத அந்த அம்மாள் விளக்கேற்றினாள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் என் பக்கத்தில் மண்டியிடுகிற பெண்கள் முன்வரிசையிலிருந்து கை தட்டினார்கள். சீ! விளக்குக்கூடவா புருஷன் இருக்கிறானா என்று கேட்டு எரியும்?

விழா முடிந்ததும் பதிப்பாளரை மறித்தேன். "தலைப்ப மாத்துங்க. இல்லன்னா என் பேர எடுத்துடுங்க." அவர் பதறுவார் என்று நினைத்தேன்.

"சரிங்க அக்கா, பேர எடுத்துடுறேன்" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அடுத்த பதிப்பு வந்துவிட்டது. போன மாதம் பக்கத்து ஊரான பூவத்தில் ஒரு கல்யாணம். என் கண்முன்னால் அந்தப் புத்தகத்தை மணப்பெண்ணிடம் கொடுத்தார்கள். முதல் பக்கத்திலேயே புருஷனைப் புதைக்கிற கதையை அவள் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். அட்டையில் என் பெயர் இல்லை. யாருக்கும் அந்தக் கதை அபசகுனமாகப் படவில்லை.