ஐயாவு மண்டோரும் ஏழாவது அடுக்கும்

இளமையில் ரயிலுக்குச் சடக்கு என்கிற பாதை போட்டுவிட்டு, பிறகு ஈப்போ பக்கத்துக் கித்தாத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்ட வந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். தான் போட்ட சடக்கில் ஒருநாள்கூட ரயிலேறாதவர், ஆட்களை வேலை வாங்குகிற ஐயாவு மண்டோர் ஒருவர்தான். தஞ்சோங் ரம்புத்தான் வரைக்கும் போவதென்றாலும் நடைதான். ஏனென்று கேட்டால், "கால் இருக்குல்ல?" என்பார். கஞ்சன் என்று ஆட்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

1924 கார்த்திகையில் அந்தப் பிடிவாதத்துக்குச் சோதனை வந்தது. சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மூத்த மகள் காளியம்மாவுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. தாய்வீட்டு வளையலும் புளிச்சோறும் அதற்குள் போய்ச் சேர வேண்டும். சிங்கப்பூர் வேறு சீமை, வேறு சர்க்கார். ஆனால் ஜொகூருக்கு அப்பால் கடலிலேயே கல்லைக் கொட்டிப் பாதை போட்டாகிவிட்டது, ரயில் இப்போது நேரே அக்கரைக்கு ஓடுகிறது என்று தோட்டமே வாய் பிளந்து பேசிக்கொண்டிருந்தது.

"ரயில்ல ஏறினா மறுநாள் காலையில இறங்கிறலாம்" என்றாள் மனைவி ராக்காயி.

"வாடகைக் காரு சொல்லியிருக்கேன்" என்றார் ஐயாவு.

ராக்காயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். காலுக்குச் செருப்பு வாங்க மூன்று மாதம் யோசிக்கிற மனுஷன்.

கார்க்காரர் ஜைனுலாப்தீனும் நேர்மையான ஆள். "அண்ணே, சிங்கப்பூருக்கு ரெண்டு நாள் ஓடணும். மழை பிடிச்சா மூணு நாள். ஆத்துல படகுல காரை ஏத்தி இறக்கணும். நானே போனாலும் ரயில்லதான் போவேன் லா" என்றார். ஐயாவு அசையவில்லை. காரே வரட்டும் என்றார்.

அவர் மனத்தில் இருந்தது வேறு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், சுங்காய்க்குத் தெற்கே ஒரு சதுப்பின் குறுக்கே சடக்குப் போட்ட கூட்டத்துக்கு அவர்தான் மண்டோர். கொட்டிய கல்லையெல்லாம் சேறு விழுங்கிவிட்டது. காட்டுக்கழிகளைக் கட்டுக்கட்டாகக் குறுக்கும் நெடுக்கும் ஏழு அடுக்குப் போட்டு, அதன் மேல் மண் கொட்டச் சொன்னார் துரை. ஐந்தாவது அடுக்கு முடிவதற்குள் காய்ச்சல் கண்டு நாலு பேரைப் புதைத்தாகிவிட்டது. மீதிப் பேர் இடுப்பளவு சேற்றில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. போதும், திங்கட்கிழமை மண் கொட்டலாம் என்று எல்லோரையும் கரையேற்றிவிட்டார். துரை கேட்டபோது ஏழு என்று சொன்னார். அன்று சாயங்காலமே அவரும் காய்ச்சலில் விழுந்தார். எழுந்து நடமாடியபோது, மண்ணும் கல்லும் ஏறி, தண்டவாளமும் பதித்து முடிந்திருந்தது.

அந்த இரண்டு அடுக்கு அவர் நெஞ்சிலேயே கிடந்தது. கல்யாணம் முடிந்து காளியம்மா ரயிலேறிய அன்று, அவர் முனியாண்டி கோயிலில் போய் உட்கார்ந்தவர், மகள் போய்ச் சேர்ந்த தந்தி வரும்வரை வீட்டுக்கு வரவில்லை. பிள்ளைப் பாசம் என்று ராக்காயி நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஜைனுலாப்தீன் நனைந்துகொண்டே வந்தார். தெற்கே வெள்ளத்தில் ஒரு பாலம் போய்விட்டதாம், கார் எதுவும் தாண்டாதாம். ராக்காயி அப்போதே சோற்றைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"நானும் வீரம்மாளும் போயிட்டு வாரோம். நீ இரு" என்றாள். வீரம்மாள் சின்ன மகள், பத்து வயசு.

அவர்கள் இருவரை மட்டும் அந்தச் சதுப்பின் மேல் அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பதா? ஐயாவு சட்டையை எடுத்து மாட்டினார். போனால் எல்லோரும் சேர்ந்தே போவோம் என்பது அவர் கணக்கு.

வியாழக்கிழமை காலை ரயில் ஈப்போவைவிட்டுக் கிளம்பியது. வீரம்மாள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. ஐயாவு பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வருகிற ஸ்டேஷன்களை உதட்டுக்குள் எண்ணினார். கம்பார், பீடோர், சுங்காய். இரண்டு சின்னப் பாலம், ஒரு வளைவு. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"ராக்காயி, ஒரு பாவம் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சொல்லி முடிக்கும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. ரயில் வளைந்து சதுப்புக்குள் நுழைந்தது.

ராக்காயி வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள்.

"ஏழுதான்யா கிடக்குது" என்றாள்.

"அஞ்சு, புள்ள. நான்தானே நிறுத்தினேன்."

"நீ சனிக்கிழமை நிறுத்தின. ஞாயித்துக்கிழமை நாங்க போட்டோம். பொம்பளைங்க பதினோரு பேரு. வெட்டி வச்ச கழி கரையிலயே கிடந்துச்சு."

"காய்ச்சல்லயா?"

"எனக்கும் இருளாயிக்கும் காய்ச்சல். மத்தவங்களுக்கு மழை மட்டும்தான். சடக்குல கல்லு வண்டி மொதல்ல வாறப்ப, அது மேல உக்காந்து வரப்போறது எங்க ஆம்பளைங்கதானே? அஞ்சு அடுக்கை நம்பி விட முடியுமா?"

"இத்தனை வருசமா ஏன் சொல்லலை?"

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நீ துரைகிட்ட ஏழுன்னு சொல்லிட்ட. ஏழு போட்டாச்சு. இதுல சொல்ல என்ன இருக்கு?"

ஐயாவு வெளியே பார்த்தார். இரண்டு பக்கமும் கறுப்புத் தண்ணீர், நாணல், ஒரு கொக்கு. இத்தனை பெட்டியும் இத்தனை சனமும் அதன் மேல் ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தன. பிறகு திரும்பி, பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒல்லியான பெண்பிள்ளையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. பயம் போன இடத்தில் பிரமிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜொகூரைத் தாண்டி ரயில் கடலுக்குள் போயிற்று. பெட்டி முழுக்க எழுந்து நின்றது. இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல். ஒரு செட்டியார் கையெடுத்துக் கும்பிட்டார். வீரம்மாள் இந்தப் பக்கத்து ஜன்னலுக்கும் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குமாக ஓடினாள்.

ஐயாவு மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சக்கரத்துக்குக் கீழே பார்த்தார்.

"ராக்காயி, இதுக்கு அடியில எத்தனை அடுக்குப் போட்டிருப்பாங்க?"

"போட்டவளைத்தான் கேக்கணும்" என்றாள் அவள்.